டிரினிடாட் தீவில் இரண்டு தட்டுச் சாப்பாடு

போர்ட் ஆஃப் ஸ்பெயின் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்பதில்லை. ஆழம் போதாது. தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடுகிறார்கள். மிச்சத்தை லாஞ்சில் கடக்கவேண்டும். 1934-ஆம் வருஷம் ஜனவரி மாதக் கடைசியில் ஒரு நாள், காலை ஏழு மணிக்கு, நான் அந்த லாஞ்சில் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். எதிரே மலை. மலை என்றால் எங்கள் நார்த்தாமலையைப் போல மொட்டைப் பாறை அல்ல. அடியிலிருந்து உச்சிவரை ஒரு விரற்கடை மண்கூடத் தெரியாத பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவே, இலை உதிர்த்துவிட்டு வெறும் பூவாய், செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருக்கும் மரங்கள். புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவனுக்கு அவ்வளவு பச்சையை ஒரே பார்வையில் பார்த்துப் பழக்கமில்லை. வாயைப் பிளந்தபடியே இருந்தேன். கடல் தண்ணீர் தெறித்து நாக்கு கரித்த பிறகுதான் மூடினேன்.

நான் யார், அங்கே எனக்கு என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். ஊர் கீரமங்கலம். புதுக்கோட்டையிலிருந்து கிழக்கே ஏறக்குறைய இருபது மைல். பிழைப்பு கொழும்பில், சாலை போடும் ஒரு கம்பெனியில் ஓவர்சியர். இருபது வருஷமாகத் தார் காய்ச்சுகிறவன். நாங்கள் உடைத்துக் காய்ச்சும் தார்ப் பீப்பாய்களில் ‘டிரினிடாட்’ என்று கறுப்பு எழுத்தில் அச்சடித்திருக்கும். அது ஏதோ வெள்ளைக்காரன் கம்பெனியின் பெயர் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு தீவு என்றும், அங்கே இந்தத் தார் ஓர் ஏரியில் தானாகவே கிடக்கிறது என்றும் எங்கள் எஞ்சினீயர் துரை சொன்னபோது, வேலையாட்களை ஏமாற்றுவதுபோல என்னையும் ஏமாற்றுகிறார் என்றே எண்ணினேன். அந்தத் துரை சீமைக்கு லீவில் போனவர், அங்கிருந்து போய் அந்த ஏரியைப் பார்த்துத் தார் கலக்கும் முறையைக் கற்றுவர என்னையும் கூட அழைத்துக்கொண்டார். லண்டனில் பனி தின்றேன். பிறகு வாழைப்பழம் ஏற்றப் போகும் ஒரு கப்பலில் இரண்டு வாரம் அட்லாண்டிக் சமுத்திரம் என்னைப் புரட்டியெடுத்தது. அந்தக் கதையை வயிறு பலமாக உள்ளவர்களிடம்தான் சொல்லவேண்டும்.

காலை ஒன்பது மணி. துரைக்கு அன்று பெரிய இடத்து விருந்து. மறுநாள் அவர் வருவதற்கு முன் நான் போய் ஏரியைப் பார்த்து வைக்கவேண்டும் என்று உத்தரவு. சுங்கச்சாவடிக்கு வெளியே வாடகைக் கார்கள் வரிசையாக நின்றன. பேரம் பேசலாம் என்று நடந்தபோது கையிலிருந்த பெட்டி நழுவிக் கால் கட்டை விரலில் விழுந்தது. “அட சனியனே” என்றேன். பக்கத்தில் ஒரு ஃபோர்டு காரைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார். காக்கிக் கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி, காதில் பழைய கடுக்கன் துளை.

“தமிழாளுங்களா?” என்றார்.

அரை உலகத்தைத் தாண்டி வந்து அந்தக் குரலைக் கேட்டதும் கட்டை விரல் வலி எங்கே போயிற்றோ தெரியவில்லை. எந்த ஊர் என்றார். கீரமங்கலம் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். மழை வருமா, ஏமாற்றுமா என்று மேகத்தை அண்ணாந்து பார்ப்பார்களே, அப்படி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அவர் பெயர் கருப்பையா. குன்றாண்டார்கோவில் பக்கம். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்பு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி, ஒப்பந்தம் முடிந்ததும் மாட்டுவண்டி ஓட்டி, பிறகு கார் வாங்கியவர். மனைவி கீரமங்கலத்துக்காரி என்றார். எங்கள் ஊர்க்காரனுக்கு அடுத்த கேள்வி நாக்கு நுனியிலேயே இருக்கும், நானும் கேட்டேன். எந்தத் தெரு, யார் மகள்? அவர் ஹாரனை இரண்டு முறை அடித்து ஒரு கோழியை விரட்டிவிட்டு, “அதெல்லாம் அதுவே சொல்லுமுங்க” என்றார். தார் ஏரிக்குப் போய்வர மற்ற கார்க்காரர்கள் பத்து டாலர் கேட்டார்கள். இவர் பெட்ரோலுக்கு இரண்டு டாலர் போதும் என்றார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். நான் பார்க்கவில்லை. கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

முதலில் பட்டணத்தைச் சுற்றிக் காட்டினார். ஊருக்கு நடுவில் ஒரு புல்வெளி. சுற்றிவர இரண்டு மைலுக்கு மேல். அதைச் சுற்றி மின்சார டிராம் ஓடுகிறது. ஓரமாகப் பணக்காரர்கள் ஆளுக்கு ஒரு தினுசாகக் கட்டிய மாளிகைகள். ஒன்றுக்குக் கோபுரம், ஒன்றுக்குக் கொத்தளம். நம் ஊரில் சாலையோரம் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் அங்கே ஒவ்வொன்றும் ஒரு சந்தையே கூடுமளவு நிழல் விரித்து நின்றன. அவற்றுக்கு இந்தப் பக்கந்தான் பூர்வீகம் என்று கருப்பையா சொன்னார். மேற்கே ஒரு பேட்டையில் தெருப் பெயர்ப் பலகைகளைப் படித்தபோது மெய் சிலிர்த்தது. மெட்ராஸ் தெரு, கல்கத்தா தெரு, டெல்லி தெரு, லக்னோ தெரு. அந்த மெட்ராஸ் தெருவில் ஒரு சிறுமியிடம் தமிழில் பேர் கேட்டேன். இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டு ஓடினாள்.

பிறகு தெற்கே முப்பத்தைந்து மைல், சான் ஃபெர்னாண்டோ என்ற ஊர் வரைக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு. அதைத் தாண்டினால் கொக்கோத் தோப்பு. சாக்லேட் செய்யும் அந்தக் காய் எங்கள் ஊர்ப் பலாவைப் போல அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு தொங்குகிறது, மஞ்சளும் சிவப்புமாக. ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையையும் தாண்டிப் பறக்கவேண்டும் என்று கருப்பையாவுக்கு அவசரம். சான் ஃபெர்னாண்டோவில் மணி பன்னிரண்டாகிவிட்டது. வழியோரம் ஒரு பெண் சுடச்சுட ரொட்டி சுட்டு, உள்ளே கடலைக் கறி வைத்துச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசனை காருக்குள் வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்தது. அது வயிற்றுக்கு ஆகாது என்றார் கருப்பையா. அடுத்த கடையில் எண்ணெய் பழசு என்றார். அதற்கடுத்த கடைக்காரன் கை கழுவமாட்டானாம். எல்லாவற்றுக்கும் பதிலாக ஓர் இளநீரை வெட்டி நீட்டினார். சாயங்காலம் தனக்கு வேண்டிய ஓர் இத்தாலிக்காரர் ஓட்டலில் எனக்கு விருந்து என்றும், அதுவரை வயிற்றைக் காலியாக வைத்திருக்கும்படியும் கேட்டுக்கொண்டார்.

இன்னும் பதினைந்து மைல் போனதும் லா பிரேயா கிராமம். அங்கே நுழையும்போதே ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும். வீடுகள் கள்ளுக்கடையிலிருந்து வந்தவர்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. வேலிக்கால்கள் ஆளுக்கொரு திசையில். மண்ணுக்கு அடியில் தார் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறதாம். இந்த வருஷம் நேராகக் கட்டிய வாசற்படி அடுத்த வருஷம் அடுத்தவன் வீட்டைப் பார்க்கும் என்றார்கள்.

பகல் இரண்டு மணிக்கு ஏரியின் கரையில் நின்றேன்.

எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஏரி என்றால் தண்ணீரை நினைக்கிறோம். இது நூறு ஏக்கர் பரப்புக்கு ஒரே கறுப்பு. தூரத்தில் பார்த்தால் நார்த்தாமலைப் பாறையின் மேல் நிற்பது போலவே இருக்கிறது; அதே விரிவு, அதே வெயில், மடிப்புகளுக்கு நடுவே அங்கங்கே சுனை போலத் தண்ணீர், தண்ணீரில் சின்ன மீன்கள். ஆனால் காலை வைத்தால் பாறை அமுங்குகிறது. குதிகால் மெத்தென்று உள்ளே போகிறது. அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தால் செருப்பின் விளிம்புவரை மெதுவாக ஏறி வருகிறது. காலடியில் பூமி உயிரோடு இருக்கிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. பயந்தேன், அதைவிட அதிகமாக ஆசைப்பட்டேன். ஒரு கட்டியைப் பிய்த்து உருட்டிப் பார்த்தேன். கையில் ஒட்டவில்லை. நடுவே ஓர் இடத்தில் தார் இளகிக் கொப்புளம் விடுகிறது, கந்தக நெடி. அதை ‘ஏரியின் தாய்’ என்கிறார்கள். நீக்ரோ வேலையாட்கள் அகலக் கொத்தால் ஒரே வீச்சில் தலைச்சுமைக் கட்டிகளைப் பெயர்த்து, ஏரியின் மேலேயே போட்டிருக்கும் சிறு தண்டவாளத்தில் ஓடும் தொட்டிகளில் ஏற்றினார்கள். முந்தின நாள் ஓர் ஆள் ஆழத்துக்கு வெட்டிய பள்ளத்தை மேஸ்திரி காட்டினார். கணுக்கால் ஆழம்கூட இல்லை. வெட்ட வெட்டத் தானாக நிரம்புகிறது. எத்தனை காலமாக வெட்டுகிறார்கள் என்று கேட்டேன். தன் பாட்டனுக்கு முந்தியே வெட்டினார்கள் என்றார் மேஸ்திரி.

இருபது வருஷம் இந்தப் பொருளைக் காய்ச்சிச் சோறு தின்றவன் நான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, சூடு பொறுக்காமல் துள்ளித் துள்ளி, குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மேஸ்திரி சிரித்தார். கருப்பையா சிரிக்கவில்லை; அவருக்கு ஏரியும் ஒன்றுதான், எருமைக் குட்டையும் ஒன்றுதான். “போவோமுங்க, நேரமாச்சு” என்று ஐந்தாவது தடவையாகச் சொன்னார்.

சாயங்காலம் ஏழு மணிக்குப் பட்டணம் திரும்பினோம். கடைத்தெருச் சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த ஓட்டல். நாலே மேஜைகள். உத்தரத்தில் பூண்டுச் சரங்கள் மாலைமாலையாகத் தொங்கின. சுவரில் ஒரு பக்கம் மாதா படம், இன்னொரு பக்கம் புகை கக்கும் ஒரு மலையின் படம். சொந்தக்காரர் பியெத்ரோ; நேப்பிள்ஸ் பட்டணத்து மனிதர், கப்பலில் சமையற்காரராக வந்தவர், இந்தத் தீவில் இறங்கியவர் மறுபடி ஏறவே இல்லையாம். பெரிய தொந்தி, வெள்ளை மேலங்கி. என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் கூப்பி, “வாங்க, உக்காருங்க” என்றார். தமிழ்தான். அவர் மகன் அந்தோனியோ நாற்காலியை இழுத்துப் போட்டான். இருபத்தைந்து வயதிருக்கும், பேச்சு குறைவு, மேஜையில் இல்லாத தூசியைத் திரும்பத் திரும்பத் துடைத்தான்.

சமையலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கருப்பையாவின் ஒரே மகள், காத்தாயி. மூன்று வருஷமாக அங்கே வேலை. முட்டை உடைத்துப் பிசைந்த கோதுமை மாவை, மேஜை கொள்ளாத ஒரே அப்பளமாகத் தேய்த்தாள். அந்த ஏட்டை அப்படியே மடித்து, கத்தியால் சரசரவென்று நறுக்கி உதறினாள். நீள நீளமாக நாடாக்கள் விழுந்தன. அவற்றை மூங்கில் கழியில் துணி காயப்போடுவதுபோல் போட்டாள். கண்ணை எடுக்காமல் பார்த்தேன். எங்கள் வீட்டில் இடியாப்பம் பிழிவதைப் பார்த்து யாராவது இப்படி வாய் பிளந்தால் சிரிப்போம்.

முதலில் காய்கறிகள் மிதக்கும் ஒரு சூப்பு. பிறகு தட்டு வந்தது. மலையாகக் குவித்த மாவு நாடாக்கள். அதன்மேல் தக்காளியும் பூண்டும் மீனும் எண்ணெயில் குழைந்த சிவப்புக் குழம்பு. அதற்குமேல் துருவிய பாலாடைக்கட்டி. நெடி முதலில் முகத்தைச் சுளிக்க வைத்தது. இரண்டாவது வாயில் பிடித்துப்போயிற்று. மூன்றாவதில் அது இல்லாமல் எப்படி நாற்பத்தைந்து வருஷம் ஓட்டினேன் என்று தோன்றியது. முள்கரண்டியோடுதான் தகராறு. தூக்கினால் வழுக்கியது, குத்தினால் தப்பியது. அந்தோனியோ பக்கத்தில் வந்து, கரண்டியைத் தட்டில் நிறுத்திச் சுழற்றி நூல் கண்டு போலச் சுற்றிக் காட்டினான். பிறகு நான் நிறுத்தவில்லை. காலையிலிருந்து இளநீர் மட்டும் கண்ட வயிறு. மிச்சக் குழம்பை ரொட்டியால் வழித்துத் தட்டைக் கழுவியதுபோல் ஆக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தேன். பலகையில் சாப்பாட்டின் விலை அறுபது சென்ட் என்று எழுதியிருந்தது; நம் கணக்கில் ஒரு ரூபாய் பத்தணாவுக்குக் கொஞ்சம் கூட. எடுத்து வைத்தேன். பியெத்ரோ வாங்க மறுத்துவிட்டார்.

அப்போதுதான் கவனித்தேன். கருப்பையா சாப்பிடவில்லை, சுவரோரம் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பியெத்ரோவும் மகனும் அசையாமல் என் தட்டையே பார்த்தார்கள். மாவு தேய்த்த கை நின்றுபோயிருந்தது. நான் கரண்டி பிடித்த அழகைத்தான் ரசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சமையலறையிலிருந்து ஓர் அம்மாள் வெளியே வந்தாள். நம் பக்கத்துக் கட்டாகச் சேலை. கையில் தட்டு, தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய்.

“ஐயா, நான் மாரியாயி. இந்த மனுசன் ஒங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலைன்னு ஒங்க மொகத்தைப் பாத்தாலே தெரியுது. சொல்லாம கை நனைக்க வச்சது தப்பு. தெரியாம நனைச்ச கையை நான் கணக்குல எடுத்துக்க மாட்டேன்.”

பொட்டில் அடித்ததுபோல் எல்லாம் விளங்கிவிட்டது. நம் பக்கத்து வழக்கம் வாசகர்களுக்குத் தெரியும். சம்பந்தம் பேசப்போகும் வீட்டில், பேச்சு முடியும்வரை பெண் வீட்டார் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். பெண்ணின் தாய்மாமன் அந்த வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். தாயின் ஊர்க்காரன் எவனும் அவளுக்கு அண்ணன் தம்பி முறைதான். நான் அந்த இத்தாலிக்காரருடைய சேமியாவைத் தின்றுவிட்டு ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மாரியாயி நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். காத்தாயியும் அந்தோனியோவும் ஒருவரையொருவர் விரும்பி இரண்டு வருஷமாகிறது. பியெத்ரோவுக்குச் சம்மதம், கருப்பையாவுக்கும் சம்மதம். அவளுக்கும் பையன்மேல் குறையில்லை. ஆனால் அவளுடைய கல்யாணம் கப்பலில் நடந்தது. அவளுக்கென்று நின்று சரி சொல்ல பிறந்த வீட்டு ஆள் ஒருவர் இல்லை. மகளுக்கும் அப்படி ஆக விடமாட்டேன், என் ஊர் ஆள் ஒருவர் வந்து சரி என்று சொன்னால்தான் தாலி என்று சொல்லிவிட்டாளாம். அதற்காகக் கருப்பையா ஒவ்வொரு கப்பலாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“இன்னொண்ணும் இருக்குங்க. அதைச் சொல்லாம ஒங்ககிட்ட வார்த்தை வாங்கக்கூடாது,” என்றாள். “நான் கொளத்துக்குத் தெக்குத் தெரு.”

சொல்லிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். எங்கள் ஊரில் குளத்துக்கு வடக்கே நாங்கள், தெற்கே அவர்கள். வடக்கே இருக்கிறவன் தெற்கே தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டான். தெற்கே இருக்கிறவர்கள் வடக்குத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கமாட்டார்கள். கடல் தாண்டி இருபத்து மூன்று வருஷம் ஆன பிறகும் அந்த ஓரடியை அவள் மறக்கவில்லை. மறைத்து வைத்திருந்தவரைக்கும் மகள் கல்யாணம் அவள் கைக்குள் இருந்தது. சொன்னதும் அது என் வாய்க்குள் வந்துவிட்டது.

என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்குள் இருந்த வடக்குத் தெரு எழுந்து உட்கார்ந்துவிட்டது. கருப்பையாமேல் கோபம் வந்தது. பிறகுதான் யோசித்தேன். அந்தப் பெண் தேய்த்த மாவு இப்போது என் ரத்தத்தோடு கலந்துகொண்டிருக்கிறது. இனி அதை எந்தத் தெருவில் கொண்டுபோய் இறக்குவது? நான் தயங்கியதெல்லாம் தெரு தெரிந்ததனால்தான். ஏரியைக் கும்பிட்டபோது அது எந்தத் தெரு என்று கேட்கவில்லையே.

இருந்தாலும் இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. உனக்குக் கூடப் பிறந்தவர் இல்லையா என்று கேட்டேன். மூக்கன் என்று ஓர் அண்ணன் இருந்தாராம். இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. அவருக்கு மகன் இருந்தால் காத்தாயியைக் கட்டும் முறை அவனுக்கு. அதையும் அண்ணன் சார்பில் விட்டுக்கொடுக்கும்படி என்னைக் கேட்டாள். காத்தாயி மாவுக் கையோடு வாசற்படியில் நின்றாள். உனக்கு என்னம்மா விருப்பம் என்று அவளைக் கேட்டேன்.

“அம்மா சரின்னாத்தான் எனக்குச் சரி. அம்மா சரின்னு சொல்ல நீங்க வேணும்,” என்றாள். பிறந்ததிலிருந்து அந்தத் தீவைத் தாண்டாத பெண்ணின் வாயில் எங்கள் ஊர்ப் பேச்சு பழுது படாமல் இருந்தது.

நான் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“எனக்கு இன்னொரு தட்டு வேணும்மா,” என்றேன்.

பியெத்ரோவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கைப்பக்குவத்துக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்து முதல் தட்டைவிட உயரமாகக் குவித்துக் கொண்டுவந்தார். இந்தத் தடவை முள்கரண்டியை ஒதுக்கிவைத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து, குழம்பு மணிக்கட்டில் வழிய, எல்லாரும் பார்க்கப் பிசைந்து தின்றேன். வயிறு முட்டியிருந்தது. ஒவ்வொரு கவளமும் இறங்க மறுத்தது. அப்படியும் ஒரு நாடா மிச்சம் வைக்கவில்லை. மாரியாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தாய்மாமன் தட்டில் ஏதாவது வைக்கவேண்டும். என் பையில் ஊர்க் காசாக ஒரு புதுக்கோட்டை அம்மன் காசு மட்டும் கிடந்தது, அதை வைத்தேன். அவள் அதை எடுத்துப் பார்த்தாள். பிறகு முதல் தடவையாக, “அண்ணே, போதும், எந்திரிங்க” என்றாள்.

மேலும் மூன்று நாள் அந்தத் தீவில் இருந்தேன். துரையோடு மறுபடியும் ஏரிக்குப் போனேன். தார் கலக்கும் முறையைக் கற்றுக்கொண்டேன். அதெல்லாம் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. புறப்படும் நாள் காலையில் அவர்கள் எல்லாரும் லாஞ்சுத் துறைக்கு வந்திருந்தார்கள். கல்யாணம் ஈஸ்டர் கழிந்து என்று முடிவாகியிருந்தது. பியெத்ரோ என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். மாரியாயி தன் அண்ணனைத் தேடிச் சொல்லும்படி கேட்டாள். லாஞ்சு நகர்ந்த பிறகும் அந்த மலைச்சரிவுச் சிவப்புப் பூக்கள் வெகுநேரம் கண்ணுக்குத் தெரிந்தன.

ஆனி மாதம் எனக்கு லீவு கிடைத்தது. கீரமங்கலம் வந்த மறுநாள் காலை பத்து மணிக்குக் குளத்தங்கரையைத் தாண்டித் தெற்குத் தெருவுக்குப் போனேன். வீட்டிலிருந்து அரை மைல்கூட இராது. நாற்பத்தைந்து வயதில் முதல் தடவையாகப் போகிறேன். தெருவில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். மூக்கன் இருந்தார். நரைத்த தலை, கிணறு வெட்டிக் காய்த்த கை. ஏதோ வேலைக்குக் கூப்பிட வந்திருக்கிறேன் என்று நினைத்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். ஒங்க தங்கச்சி மாரியாயியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அவர் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் செத்துவிட்டதாக நினைத்து எப்போதோ தலை முழுகியிருந்தார்களாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல், கரும்பு, கார், மருமகள் தேய்க்கும் மாவு, மாப்பிள்ளையின் நிறம். நீங்கள் செய்யவேண்டியதை உங்களைக் கேட்காமல் நான் செய்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவருக்கு இரண்டு மகன்கள். முறையை விட்டுக்கொடுத்ததற்கு என்ன சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டில் சாப்பாடு எப்படி என்று மட்டும் விசாரித்தார். இரண்டு தட்டு சாப்பிட்டேன் என்றேன். தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

“அங்கிட்டு எந் தங்கச்சிக்கு அண்ணனாயிட்டீங்க. சந்தோசங்க. இங்கிட்டு எனக்கு என்ன வேணும் நீங்க?”

கேலியாகக் கேட்கவில்லை, கோபமாகவும் இல்லை. சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் நான் செய்தது எவ்வளவு லேசான காரியம் என்று அந்த ஒரு கேள்வியில் எனக்கு உறைத்துவிட்டது. அங்கே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஐந்து பேர். இங்கே குளத்தங்கரை மேட்டில் மாடு மேய்த்துக்கொண்டு என் பங்காளி ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

என்ன சமைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் என்றாள் மூக்கனின் மனைவி. வேணாமுங்க, ஊரு பேசும், எங்களையும் பேசும் என்று கெஞ்சினாள். மூக்கன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாயை விரித்தார். நான் உட்கார்ந்து, கை கழுவத் தண்ணீர் கேட்டேன். அவள் செம்பைக் கொண்டுவந்து, பழக்கத்தில், எட்டத் தரையில் வைத்துவிட்டு விலகினாள்.

“கையில குடுங்க, அண்ணி,” என்றேன்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார். செம்பை எடுத்து என் கையில் கொடுத்தாள். வாங்கிக் கையை நனைத்தேன்.